ரெசின் காற்றில்லா டயர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

மாடல் வண்டிகளுக்கு மாட்டும், ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) செய்த சின்னக் காற்றில்லா டயர்களைப் பற்றியது இது. சாதாரண டயர் மாடலில் வெளிப்பக்கம் நன்றாக இருந்தால் போதும். உள்ளே குமிழி இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. காற்றில்லா டயரில் அந்த வசதி கிடையாது. ரிம்முக்கும் ட்ரெட்டுக்கும் (தரையில் உருளும் வெளிப்பட்டை) நடுவில் இருப்பது முழுக்கத் தேன்கூடு போன்ற திறந்த அறைகள். ஒரு பக்கம் கண்ணை வைத்தால் மறுபக்கம் தெரியும். பெயின்ட் அடித்த பிறகு கண்ணில் படும் கோளாறுகளில் பாதிக்கு மேல், பெயின்டுக்கு முன்னாலேயே அந்த அறைகளுக்குள் இருந்தவை. எனவே இந்த டயரில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால், தெரியும் இடத்தில் கை வைக்காமல் அதற்கு முந்தின கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே வரும். ரெசினுக்கும் பசைக்கும் வார்னிஷுக்கும் ஈரம் ஆகாது. வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் நேரக்கணக்கு எதுவும் குற்றால சீசனில் நமக்குப் பொருந்தாது.

முதலில் கையில் இருப்பது எந்த ரெசின் என்று பாருங்கள். அடியில் தடித்த கட்டை ஒட்டியிருந்து, நிறம் வெண்ணெய் மாதிரி இருந்தால் அது அச்சில் ஊற்றிய பாலியூரித்தேன். மெல்லிய கால்கள் கொத்தாக ஒட்டியிருந்து, வெளிச்சத்தில் சாய்த்தால் நுண்ணிய படிவரிகள் தெரிந்தால் அது 3டி பிரின்டரில் வந்த, புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் ரெசின். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

டயர் தொட்டால் பிசுபிசுக்கிறது

பிரின்ட் செய்த டயர் என்றால் காரணம் பெரும்பாலும் கழுவலில்தான். அறைகளின் மூலைகளில் ஆறாத, அதாவது இறுகாத ரெசின் தங்கிவிடுகிறது. மேலே துடைத்தால் அது போகாது. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் டயரை முக்கி, மென்மையான பல் துலக்கும் பிரஷால் இரண்டு பக்கமும் தட்டித் தட்டிக் கழுவுங்கள். பிறகு சுத்தமான இன்னொரு பாத்திரத்து ஆல்கஹாலில் ஒருமுறை அலசுங்கள். முதல் பாத்திரத்தில் ரெசின் கரைந்திருக்கும் என்பதால், அதோடு நிறுத்தினால் அழுக்குத் தண்ணீரில் துணி அலசின கதைதான். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பெரும்பாலும் தண்ணீர் கலந்திருக்கும். அவசரத்துக்குப் பரவாயில்லை, வேலை பாதிதான் நடக்கும்.

கழுவிய உடனே வெயிலில் வைக்கக்கூடாது. ஆல்கஹால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் புற ஊதா வெளிச்சம். ஈரத்தோடு வைத்தால் வெள்ளைப் படலம் விழும். அரை மணி நேரம் ஃபேன் காற்றில் வையுங்கள். சாரல் நாளில் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறமும் மேலே மட்டும் லேசான ஒட்டல் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பை ஆறவிடாமல் தடுப்பதால் வருவது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு, டயரை அதற்குள் போட்டு வெயிலிலோ 405 நானோமீட்டர் விளக்கிலோ காட்டுங்கள். தண்ணீர் ஆக்சிஜனை மறைத்துவிடும். மேகமூட்டத்திலும் புற ஊதாக் கதிர் வரத்தான் செய்யும், நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். அதற்காக நாள் முழுக்க மொட்டை மாடியில் போட்டுவிடாதீர்கள். அளவுக்கு மீறி ஆறிய ரெசின் மஞ்சளாகி, அப்பளம் போல நொறுங்கும்.

அச்சில் ஊற்றிய டயர் பிசுபிசுத்தால் கதை வேறு. இரண்டு பாகக் கலவையின் விகிதம் தப்பியிருக்கிறது, அல்லது சரியாகக் கலக்கவில்லை. வெயிலோ விளக்கோ எதுவும் அதைத் திருத்தாது. விற்றவரிடம் மாற்றிக் கேளுங்கள்.

ஆறாத புற ஊதா ரெசினை வெறுங்கையால் தொடக்கூடாது. சிலருக்குத் தோல் ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும், பிடித்தால் விடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். கழுவின ஆல்கஹாலை வாய்க்காலில் கொட்டுவதும் கூடாது. நம் ஊர் வாய்க்கால் எல்லாம் வயலுக்குத்தான் போகிறது. வாயகன்ற பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் ஆல்கஹால் ஆவியாகி, ரெசின் கெட்டியாகி அடியில் தங்கும். அதைக் குப்பையில் போடலாம். பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக்கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

பெயின்ட் தோலாக உரிந்து வருகிறது

டேப் ஒட்டி எடுத்தால் பெயின்டும் கூடவே வருகிறதா? வார்ப்பு டயர் என்றால், அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய சிலிக்கோன் மேலே இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பிரஷால் அறை அறையாகத் தேய்த்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை ட்ரெட் மேல் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் சிலிக்கோன் இன்னும் இருக்கிறது. படர்ந்து போனால் பிரைமர் (பெயின்டுக்கு அடிப்பூச்சு) அடிக்கலாம். லேக்கர் வகை பிரைமர்தான் ரெசினை நன்றாகப் பிடிக்கும். நீர் வகை பிரைமர்கள் தேன்கூட்டின் ஓரங்களில் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அறைகள் அடைத்திருக்கின்றன

இதில் மூன்று வகை.

வார்ப்பு டயரில் அறையின் வாயை மெல்லிய சவ்வு மூடியிருந்தால், அது அச்சின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒழுகிய ரெசின். கத்தி முனையை நடுவில் குத்தி, ஓரத்தை நோக்கி மெதுவாகக் கீறுங்கள். சுவரை ஒட்டிக் கீற ஆரம்பித்தால் சுவரும் சேர்ந்து போகும்.

பிரின்ட் டயரில் அறை பாதி ஆழம் வரை கெட்டியாக நிரம்பியிருந்தால், கழுவாமல் விட்ட ரெசின் உள்ளேயே ஆறிவிட்டது. பின் வைஸில் (விரலால் சுழற்றும் குட்டித் துளைப்பான்) 0.5 மி.மீ. துளைக்கம்பி போட்டு நடுவில் ஒரு ஓட்டை, அப்புறம் கூர்மையான ஊசி அரத்தால் அறையின் வடிவத்துக்கு அகலப்படுத்த வேண்டும். ஒரு டயரில் நாலைந்து அறை என்றால் செய்யலாம். பாதி டயர் அடைத்திருந்தால் உங்கள் மாலைப்பொழுதுகளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், வேறு டயர் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு பக்கத்து அறைகள் மட்டும் எதிர்ப்பக்கத்தைவிடச் சின்னதாக இருப்பது. டயரைப் பிரின்டர் தட்டில் படுக்கவைத்து அடித்திருக்கிறார்கள். முதல் சில படிகளுக்கு அதிக வெளிச்சம் கொடுப்பதால் அடிப்பக்கம் பருத்துவிடும். அந்தப் பக்கத்தை வண்டியின் உள்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுங்கள். சில டயர்களில் ட்ரெட்டின் அம்பு அமைப்புக்கு முன்பின் உண்டு, அதை மட்டும் கவனியுங்கள்.

வெட்டும்போது சுவர் நொறுங்குகிறது

1/35 அளவில் (நிஜ வண்டியில் 35-இல் ஒரு பங்கு) 0.4 மி.மீ. சுவர் என்பது நிஜத்தில் 14 மி.மீ. தடிமன். அதைவிட மெல்லியதாகச் செய்தால் பார்க்க நன்றாக இருக்கும், கையில் நிற்காது. விற்பவர்கள் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். கொஞ்சம் தடித்த சுவர் இருப்பதற்காக ஒரு டயரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நிப்பர் போட்டு நறுக்கும்போது அதன் வாய் ரெசினைப் பிளந்துகொண்டு போகிறது. அந்த அதிர்ச்சிதான் சுவரை உடைக்கிறது. வார்ப்புக் கட்டையை மெல்லிய ரம்பத்தால் அறுங்கள், அதுவும் டயரை ஒட்டாமல் ஒரு மி.மீ. தள்ளி. மிச்சத்தை வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். காய்ந்த நிலையில் தேய்த்தால் வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், எனவே தண்ணீர் கட்டாயம், முகக்கவசமும் போடுங்கள். பிரின்ட் டயரின் சப்போர்ட் கால்களைக் கடைசியாக ஆறவைப்பதற்கு முன்னால், சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கையுறை போட்ட விரலாலேயே கழற்றலாம்.

உடைந்துவிட்டால்? பிரின்ட் டயருக்கு அதே ரெசினை ஊசிமுனையில் தொட்டு வைத்து, புற ஊதா டார்ச்சைச் சில நொடிகள் காட்டினால் தையல் தெரியாமல் ஒட்டும். வார்ப்பு டயரில் துண்டு கிடைத்தால் சூப்பர் க்ளூ. துண்டு தரையில் விழுந்து காணாமல் போயிருந்தால் 0.25 மி.மீ. பாலிஸ்டைரின் பட்டையை அளவெடுத்து நறுக்கிச் சொருகுங்கள்.

கிட் ஒட்டும் பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினில் வேலை செய்யாது. அது பாலிஸ்டைரினைக் கரைத்து ஒட்டுவது, ரெசின் கரையாது. "டாமியா பசை போட்டும் பிடிக்கவில்லை" என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒட்டிய மறுநாள் சுற்றிலும் வெள்ளை பூத்திருக்கிறது

சூப்பர் க்ளூவின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படிவது இது. காற்று ஓடாத அறைகளுக்குள் ஆவி தங்கிவிடுவதால் இந்த வகை டயரில் அதிகமாகவே பூக்கும். ஜன்னலைச் சாத்தி வேலை பார்க்கும் சாரல் நாளில் இன்னும் அதிகம். பெயின்ட் அடிக்கும் முன் என்றால் ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடைத்துவிடலாம். அடித்த பிறகு என்றால் அந்த இடத்தை மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி. ரிம்மையும் டயரையும் சேர்ப்பதற்கு அரால்டைட் மாதிரி இரண்டு பாக எபாக்ஸியே நல்லது. நேராக வைத்துத் திருத்தவும் அவகாசம் கிடைக்கும்.

வீட்டில் ஊற்றிய ரெசின் பொங்கிவிட்டது

நல்ல டயர் ஒன்றை வைத்து அச்செடுத்து, மற்றதைத் தாங்களே ஊற்றுபவர்களும் உண்டு. (உங்கள் வண்டிக்கு நீங்களே செய்த டயரில் இருந்து எடுங்கள், இன்னொருவர் உழைப்பை அச்செடுத்து விற்பது திருட்டு.) பாலியூரித்தேனின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். கலவைக் குச்சியில், அச்சின் சுவரில், திறந்து வைத்த புட்டியில் எங்கே ஈரம் இருந்தாலும் டயர் நுரைத்த ரொட்டி ஆகிவிடும். மரக்குச்சி வேண்டாம், பிளாஸ்டிக் குச்சியே போதும். அச்சை அரை மணி நேரம் குண்டு பல்பு வெப்பத்தில் காயவைத்து, இளஞ்சூட்டோடு ஊற்றுங்கள். புட்டியை இறுக மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். ஆடி மாதச் சாரலில் ஊற்றவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஊசித்துளை அளவுக் குமிழிகள் ஈரமில்லாவிட்டாலும் வரும். அவற்றுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தப் பாத்திரம் வேண்டும். அது இல்லாதவர்கள் சூப்பர் க்ளூவில் முகப்பவுடர் குழைத்து அடைத்துத் தேய்த்துக்கொள்ளலாம்.

டயர் வட்டமாக இல்லை

வெர்னியர் வைத்து இரண்டு திசையில் அளந்து பாருங்கள். அமெரிக்கப் படையின் ஹம்வீ வண்டிக்கு வழக்கமான டயர் 37 அங்குல விட்டம், 12.5 அங்குல அகலம். 1/35-இல் அது ஏறக்குறைய 26.9 மி.மீ., 9.1 மி.மீ. வரவேண்டும். 1/48-இல் விட்டம் 19.6, 1/72-இல் 13. ஒரே டயரில் இரண்டு திசைக்கும் அரை மி.மீ. வித்தியாசம் என்றால் கோணல்தான். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். வண்டி எடை ஏறியது போலக் காட்டுவதற்காக வேண்டுமென்றே செய்திருப்பார்கள். நான்கு டயரிலும் அதே தட்டை இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கோணலை 60–70 டிகிரித் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, சரியான அளவுள்ள மூடி அல்லது குழாய்த் துண்டுக்குள் பொருத்தி, பச்சைத் தண்ணீரில் ஆறவிட்டு நிமிர்த்தலாம். பக்கவாட்டு வளைவு என்றால் தரை ஓட்டின் வழுவழுப்பான பக்கத்தில் வைத்து மேலே இன்னொரு ஓடு. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், மெல்லிய சுவர்கள் முதலில் சரிந்துவிடும்.

இங்கே ஒரு வேறுபாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். காற்றடித்த டயர் எடையில் பக்கவாட்டில் பிதுங்கும். காற்றில்லா டயரில் பிதுங்கல் இருக்கக்கூடாது. தரையைத் தொடும் இடத்து அறைகள்தான் நசுங்கும். மிஷெலின் 2005-இல் காட்டிய ட்வீல் வகையில் நடுவில் இருப்பது பாலியூரித்தேன் ஆரங்கள். அடியில் இருப்பவை மடங்கிக்கொடுக்க, மேலே இருப்பவை இழுபட்டு வண்டியைத் தாங்கும். உங்கள் டயரின் கீழ் ஆரங்கள் நேராக விறைத்து நின்றால் வண்டிக்கு எடையே இல்லாதது போலத் தோன்றும்.

வண்டி மூன்று காலில் நிற்கிறது

ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) துளை நடுவிலிருந்து தள்ளியிருப்பதால் பெரும்பாலும் வருவது. கண்ணாடி மேல் வண்டியை வைத்து, தூக்கி நிற்கும் சக்கரத்தின் அடியில் ஒரு தாளை நகர்த்திப் பாருங்கள். அந்த ஹப்பை மட்டும் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, எபாக்ஸி வைத்து, கண்ணாடி மேலேயே ராத்திரி முழுக்க விட்டால் சரியாகிவிடும். தட்டை வெட்டிய டயர் என்றால் நான்கு தட்டைகளும் தரையில் படிகின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். மறுநாள் திருப்ப முடியாது.

எல்லாம் சரி, ஆனால் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கிறது

நேராகக் கறுப்பு அடித்திருப்பீர்கள். ரப்பரும் பாலியூரித்தேனும் வெளியில் கறுப்பாகத் தெரிவதில்லை. அடர் சாம்பலில் கொஞ்சம் பழுப்பு கலந்தால்தான் கண்ணுக்கு ஒத்துவரும். அறைகளுக்குள் முதலில் நல்ல இருட்டு நிறம், அப்புறம் விளிம்பில் மட்டும் வெளிர் சாம்பலை உலர் பிரஷில் தொட்டு இழுங்கள். அறை வழியாகப் பின்னால் இருக்கும் பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் தெரியும் என்பதை மறந்து, பெயின்டே அடிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். ஹம்வீயில் பிரேக் சக்கரத்துக்குள் இருக்காது, வண்டியின் நடுப்பக்கம் தள்ளி இருக்கும். உங்கள் கண்ணில் படப்போவது ஹப்பின் பல்சக்கரப் பெட்டி.

புளியரை மலையடிவாரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இந்தச் சின்னச் சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, உள்ள கல்லு மாட்டிக்கிட்டா எப்படி எடுப்பிய?" சரியான இடத்தில் பிடித்துவிட்டார். திறந்த அறைகளில் சேறும் கல்லும் ஏறிக்கொள்வது இந்த வகை டயரின் நிஜமான தொல்லை. மாடலில் சேறு காட்டுவதென்றால் ட்ரெட்டில் பூசி நிறுத்தாமல், கீழ் அறைகள் சிலவற்றில் பிக்மென்ட் தூளை மேட் வார்னிஷில் குழைத்து அடையுங்கள், ஒன்றிரண்டில் பொடிக்கல். எல்லா அறையிலும் ஒரே அளவு வைத்தால் மறுபடி பொம்மைதான். செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளைக் கவனித்தால், மலையாளக் கரைச் செம்மண் டயரின் உள்பக்கத்தில் எவ்வளவு தடிமனாகவும் வெளிப்பக்கத்தில் எவ்வளவு குறைவாகவும் இருக்கிறது என்று தெரியும். நிறத்தை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். பாலைவன வண்டியில் நம் ஊர்ச் செம்மண் வேண்டாம்.

மேட் வார்னிஷ் பால் போலத் திரண்டுவிட்டது

கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. காய்ந்த நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கொஞ்சம் கலந்து மெல்லிய பூச்சு ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வேலை சுத்தம், ஆனால் விவரம் தெரிந்தவர் தலையாட்டுகிறார்

இது பசையால் தீராது. விஸ்கான்சின் மாநிலத்து ரெசிலியன்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் ஹம்வீக்காக உருவாக்கிய தேன்கூட்டு டயர் சோதனை வண்டிகளில் ஓடியது. படையில் எல்லா ஹம்வீக்கும் போகவில்லை. போலாரிஸ் அந்த நிறுவனத்தை 2012-இல் வாங்கி, 2013-இல் எம்வி850 என்ற நாலுசக்கர வண்டியில் அந்த டயரைப் பொருத்தியது. ஆகவே 2003 பாக்தாத் காட்சியில் தேன்கூட்டு டயர் மாட்டிய ஹம்வீ நிற்க முடியாது. அப்போது இருந்தது காற்றடித்த டயரும், குண்டு பட்டாலும் ஓடுவதற்காக உள்ளே வைத்த தாங்கு வளையமும். சோதனைத்தளக் காட்சியாக மாற்றிவிட்டால் அதே மாடல் சரியாகிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், பலர் விட்டுவிடுவது: ரிம்மில் காற்று வால்வு இருந்தால் சீவி எடுத்துவிடுங்கள். ஓடும்போதே காற்றடிக்கும் வசதி உள்ள வண்டி என்றால் ஹப்புக்கு வரும் குழாயும் போக வேண்டும். கெட்டி ரப்பர் டயர் போட்ட, இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய பாக் 40 பீரங்கி மாதிரியானவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. தேன்கூடும் இல்லை என்பதால் இங்கே சொன்னதில் பாதி வேலையும் இல்லை.

மாதங்கள் கழித்து ட்ரெட்டில் விரிசல், ஏதோ கசிகிறது

ரெசின் மிச்சப்படுத்த ட்ரெட்டைக் கூடாகப் பிரின்ட் செய்து, வடிகால் துளை விடாமல் மூடியிருக்கிறார்கள். உள்ளே சிக்கிய ஆறாத ரெசின் மெல்ல மெல்லச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மேலே பூசி மூடினால் வேறு இடத்தில் கிளம்பும். கையுறை போட்டு அந்த டயரைக் கழற்றி, மறைவான உள்பக்கத்தில் இரண்டு துளை போட்டு, ஊசியால் ஆல்கஹால் செலுத்திக் கழுவி, காயவைத்து, துளை வழியாகவே புற ஊதா டார்ச் காட்டலாம். பெயின்ட் போய்விடும், விரிசல் பெரிதாக இருந்தால் டயரும் போய்விடும். மற்ற மூன்றும் அதே தட்டில் அடித்தவையாகத்தான் இருக்கும். அவற்றையும் அன்றைக்கே கழற்றி, எடை வித்தியாசம் தெரிகிறதா என்று சின்னத் தராசில் பார்த்துவிட்டு, சந்தேகமுள்ளதில் துளை போட்டுவிடுங்கள்.